அறைக்காரர்கள் கொடுத்த டிவி பெட்டி

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து மொத்தமாக ஊருக்குத் திரும்பியபோது, அட்டைப்பெட்டிகளில் கட்டி வந்த சாமான்களை நானும் மகளும் அன்றைக்கே பிரித்துவிட்டோம். கம்பளி, பவுடர், பேரீச்சம்பழம், தலைவலித் தைலம் என்று எப்போதும் வருகிற சாமான்கள்தான். ஆனால் அவர் கையோடு வைத்திருந்த பையை மட்டும் யாரையும் தொட விடவில்லை. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஆலங்குடி வரும்வரை காரில் அதை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு அவரே அதைத் திறந்தார். பழைய கைலி ஒன்றில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கூடவே ஒரு ரிமோட். ரிமோட்டின் பின்மூடி எப்போதோ உடைந்து, பேட்டரி விழாமலிருக்க டேப் சுற்றியிருந்தது.

“இதான் நான் போன்ல சொன்ன பெட்டி. டிவில மாட்டிட்டா கேபிளே வேணாம்” என்றார்.

எனக்கு அது புதுப் பெட்டி இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேட்டேன். அறையில் கூட இருந்தவர்கள் பிரிவுப் பரிசாகக் கொடுத்தது என்றார். புதுசாக ஏதாவது வாங்கித் தரலாம் என்றுதான் பேசினார்களாம். இவர்தான் இதையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. ஓசியில் கிடைத்ததை வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு டிவி அவசரமாக வேண்டியிருந்தது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். பெரும்பாலும் ஜாக்கெட்டுகள்தான். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் கிடக்கிறது, எதிர்ச் சுவரில் டிவி. நான் டிவி பார்க்கிறேன் என்று சொல்வதைவிடக் கேட்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண் ஊசியில் இருக்கும், காது நாடகத்தில் இருக்கும். நாடகத்தில் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவார்கள். யார் அழுகிறார்கள், யார் கதவைச் சாத்துகிறார்கள் என்பதெல்லாம் தலை நிமிராமலே தெரிந்துவிடும். போன மழையில் இடி இறங்கி எங்கள் செட்டாப் பாக்ஸ் கருகிப்போனது. டிவி தப்பித்தது. கேபிள்காரரிடம் வேறு பெட்டி கேட்கலாமென்று நினைத்தபோதுதான் இவர், “வேணாம், நான் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டார். கொரோனா சமயத்தில் மகள் வீட்டிலேயே இருந்து பாடம் படித்தபோது போட்ட நெட் கனெக்‌ஷன் இருந்தது. அதனால் நானும் காத்திருந்தேன். மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு தைப்பது எவ்வளவு சலிப்பு என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

பெட்டியை மாட்டியதும் திரை நிறையக் கட்டம் கட்டமாகப் படங்கள் வந்தன. எந்தக் கட்டத்திலும் தமிழ் இல்லை. ஒன்றில் மலையாள எழுத்து, ஒன்றில் இந்தி மாதிரி ஆனால் இந்தி இல்லாத எழுத்து, ஒன்றில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. அது பச்சைக் கட்டம், எழுத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் மட்டை. படகுப் படம் போட்ட கட்டம் ஒன்று. இவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனார். எதையும் திறக்கவில்லை.

“தமிழ் எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டேன்.

“ஏத்திக்கணும். அவ ஏத்திக் குடுப்பா” என்றார்.

மகள் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அப்பாவை அழைத்துவர லீவு போட்டிருந்தவள் மறுநாள் காலையே கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்புகிற அவசரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நாடகத்துக்கு ஒரு ஆப், படத்துக்கு ஒரு ஆப், செய்தியும் லைவ் சேனலும் இலவசமாக வருகிற ஆப் ஒன்று என்று மூன்றை இறக்க முயன்றாள். முதல் ஆப்பிலேயே நின்றுவிட்டது. பெட்டியில் இடமில்லை என்று எழுத்து வந்தது.

“இதுல இருக்குற குப்பையெல்லாம் தூக்கணும்ப்பா. ரீசெட் அடிச்சிருவோமா? ரெண்டு நிமிஷத்துல புதுசு மாதிரி ஆயிரும்” என்றாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீ கெளம்பு. நான் பாத்துக்கிறேன்” என்றார் இவர். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்துவிட்டார்.

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து பின்னாலிருக்கிற தென்னைக்குத் தண்ணீர் கட்டினார். மோட்டாரைப் பிரித்து மாட்டினார். வருஷக்கணக்காகச் சாத்த முடியாமல் கிடந்த கொல்லைக் கதவின் கீலைச் சரி செய்தார். சொந்தக்காரர் வீடுகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கப் போனார். நான் டிவியைப் பற்றிச் சொன்னால், “செய்வோம்” என்பார். சாயங்காலம் டிவியைப் போட்டு அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பிறகு அணைத்துவிடுவார்.

மகள் தினமும் போனில் கேட்டாள். “ரீசெட் அடிச்சாச்சா?”

“இல்ல.”

“அம்மா, அது ஒரு பெரிய வேலையே இல்ல. நீங்களே பண்ணலாம். நான் சொல்லித் தாரேன்.”

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போன மனுஷன் இவர். அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று எனக்குச் சோற்று விஷயத்தில் மட்டும்தான் தெரியும். மற்றபடி, ஒரு காரியத்தை ஏன் தள்ளிப்போடுகிறார் என்று யூகிக்கிற அளவுக்கு நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை. சோம்பல் என்று வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வெயிலில் வேலை பார்த்தவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தேன். ஆனாலும் எரிச்சல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கறி வாங்கப் போயிருந்தார். நான் ரிமோட்டை எடுத்து, மகள் சொன்னபடி செட்டிங்ஸுக்குள் போனேன். அவள் போனில், “கீழ வாங்க, கீழ வாங்க, அங்கதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரீசெட் என்ற எழுத்து வந்துவிட்டது. எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அந்த நேரத்தில் இவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தவர், கறிப் பையைத் தரையில் போட்டுவிட்டு டிவியின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

“அதத் தொடாத!” என்றார்.

அவர் என்னிடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போனிலும் போட்டதில்லை. மகள் அந்தப் பக்கத்திலிருந்து, “என்னம்மா, என்ன?” என்று கேட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கறிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்தார். நிலைப்படியில் நின்றுகொண்டு, “கோவிச்சுக்கிட்டியா?” என்றார்.

“எனக்கென்ன கோவம். ஒங்க பெட்டி, ஒங்க டிவி.”

“அப்புடி இல்ல.”

“பின்ன எப்புடி? அதுல இருக்குற ஒண்ணையாச்சும் நீங்க பாக்குறீங்களா? தொறந்துகூடப் பாக்கல. எனக்கு வேணுங்குறதையும் ஏத்த விட மாட்டேங்குறீங்க.”

“அடுப்ப அமத்திட்டு வா. ஒண்ணு காட்டுறேன்” என்றார்.

வந்து உட்கார்ந்தேன். டிவியைப் போட்டார். கட்டங்கள் வந்தன. முதலில் படகுப் படம் போட்ட கட்டத்தில் நிறுத்தினார்.

“இது பங்களாதேஷ்காரரோடது. எனக்கு மேல்கட்டில்ல அவரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல மேலயும் கீழயும் இருந்தோம். வெள்ளிக்கெழமை அவர்தான் சமைப்பாரு. இதுல ஆத்துப் பாட்டுன்னு ஒண்ணு வரும், அதப் போட்டுவிட்டுட்டுத்தான் அடுப்பப் பத்த வைப்பாரு. பாட்டு நின்னா கரண்டியோட ஓடியாருவாரு.”

அடுத்த கட்டத்துக்குத் தள்ளினார். “இது நேபாளத்துத் தம்பி. செய்தி மட்டுந்தான் பாப்பான். அவன் ஊர்ல வெள்ளம் வந்தப்ப இதுக்கு முன்னாடியே உக்காந்திருந்தான். அவன் வீட்டுப் பக்கத்துப் பாலத்தக் காட்டுனாங்க. பாலம் போயிருச்சு. ஆளுங்க நல்லா இருக்காங்கன்னு போன் வர்ற வரைக்கும் நாங்க யாரும் சேனல மாத்தல.”

கிரிக்கெட் மட்டை பாகிஸ்தான்காரருடையது. வேன் டிரைவர். மேட்ச் நாளில் இவர்களோடு பேச மாட்டாராம், மறுநாள் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடுவாராம். மலையாள எழுத்து, எலெக்ட்ரீஷியன் ஒருவருடையது. பெட்டியும் அவருடையதுதான். மற்றவர்களுக்கெல்லாம் ஆப் ஏற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் கெஞ்சிக் கேட்டுத்தான் ஒவ்வொருத்தரும் தங்கள் நாட்டுக் கட்டத்தை ஏற்றிக்கொண்டார்கள். இடம் பற்றாமல் சண்டைகூட வந்திருக்கிறது. அதனால் ஆளுக்கு ஒன்றுதான் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ரிமோட் முறை வைத்துக் கைமாறும்.

இவர் பேசிக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கில் தினமும் போனில் பேசினோம். அந்தப் பேச்சில் இந்த ஆட்கள் யாரும் வந்ததில்லை. சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா, மகள் என்ன மார்க், கூரை ஒழுகுகிறதா. அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் அங்கே தனியாக இருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

எல்லாக் கட்டமும் முடிந்தது. நான் கேட்டேன்: “இதுல ஒங்களோடது எது?”

“எனக்கு எதுவும் இல்ல.”

“ஆளுக்கு ஒண்ணுன்னீங்களே.”

“என் மொறைய மத்தவங்களுக்கு விட்டுருவேன். அந்த நேரத்துலதான ஒனக்குப் போன் பண்ணுவேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரிமோட்டின் டேப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் போன்கள் ஞாபகம் வந்தன. அவர் பேசும்போது பின்னால் எப்போதும் ஏதாவது இரைச்சல் கேட்கும். பாட்டு, கைதட்டல், புரியாத பாஷையில் யாராவது வேகமாகப் பேசுவது. “அங்கிட்டு என்ன கூத்து? டிவிய அமத்திட்டுப் பேசுங்க” என்று நான் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். “சரி சரி” என்று அவர் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுவார். நான் திரும்பி டிவியைப் பார்த்தேன்.

“சரி, எதையும் அழிக்க வேணாம். எனக்குப் புதுப்பெட்டி ஒண்ணு கேபிள்காரர்ட்ட வாங்கிக்கிறேன்” என்றேன்.

“ரெண்டு பெட்டி எதுக்கு?” என்றார். “அழிக்கத்தான் வேணும். எனக்கும் தெரியுது. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்புடி அழிக்கிறதுன்னுதான்.”

“அப்பச் சொல்லுங்க. போன் இருக்குல்ல?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. வந்த நாளிலிருந்து அவர்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று பிறகு சொன்னார். ஊருக்குப் போனவர்கள் யாரும் திரும்பப் பேச மாட்டார்களாம், அதுதான் அங்கே வழக்கமாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. அன்றைக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். “போனப் போடுங்க” என்றேன். வீடியோ கால் போனதும் முதலில் ஒரு சுவர் தெரிந்தது. பிறகு ஒரே சத்தம். அப்புறம் ஐந்தாறு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வந்தன. இவரை ஏதோ செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அது அவர் பெயர் இல்லை. இவர் கூச்சத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இந்தியில் பேச ஆரம்பித்தார். வேகமாக, கையை ஆட்டி, சிரித்துச் சிரித்துப் பேசினார். ஊரில் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

என் பக்கம் போனைத் திருப்பினார். “பாபி, பாபி” என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அண்ணி என்று அர்த்தமாம். நானும் கும்பிட்டேன். மலையாளி மட்டும் தமிழில் பேசினார். “சேச்சி, சுகமா இருக்கீங்களா? இவரு அங்கயும் இப்புடித்தான் வாய் ஓயாமப் பேசுறாரா?”

“வந்ததுலேருந்து மோட்டாரத்தான் பிரிக்கிறாரு” என்றேன்.

அதை அவர் இந்தியில் மாற்றிச் சொல்ல, அந்த அறையே சிரித்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். மலையாளி போனை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுக் காட்டினார். இரண்டடுக்குக் கட்டில்கள், கட்டில் கம்பியில் காயும் துண்டுகள், மூலையில் அரிசி மூட்டை, ஜன்னலை அடைத்த ஏசி. “இது அவரோட எடம்” என்று ஒரு கீழ்க்கட்டிலைக் காட்டினார். அதில் வேறு ஒருவர் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். புதுசாக வந்தவராம், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறார். அந்தக் கட்டில் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இவர் கொஞ்சம் உயரம். கால் எப்படி நீட்டியிருப்பார் என்று பார்த்தேன்.

பிறகு இவர் விஷயத்தைச் சொன்னார். பெட்டியில் இடமில்லை, உங்களுடையதையெல்லாம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று. அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெரிய கலாட்டா. பாகிஸ்தான்காரர் நெஞ்சில் கையை வைத்துச் சாய்ந்து நடித்தார். பங்களாதேஷ்காரர் வயதில் எல்லோருக்கும் பெரியவர், முடி நரைத்திருந்தது. அவர் போனை வாங்கி இவரிடம் நிதானமாக ஏதோ சொன்னார். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வைத்த பிறகு, “அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“நாங்க புது டிவியே வாங்கிட்டோம், அதுலயே எல்லாம் இருக்கு. நீ ஒன் வீட்டுக்குப் போயிட்ட, ஒன் வீட்டுக்காரி பாக்குறதப் போடுன்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அவரும் அடுத்த வருஷம் போயிருவாராம்” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்தோம். ரீசெட் வேண்டாம், ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்றார். மகள் போனில் இருந்தாள். கிரிக்கெட் போனது. நேபாளச் செய்தி போனது. படகில் வந்து நின்றதும் அதைத் திறந்து பார்த்தார். கணக்கு முடிந்துவிட்டது, திரும்பச் சேருங்கள் என்று வந்தது. அதையும் எடுத்தார். மலையாளக் கட்டத்தில் நான், “அது இருக்கட்டுமே” என்றேன்.

“ஒனக்குப் புரியாதே.”

“ஒங்களுக்குப் புரியும்ல?”

“புரியும்.”

“அப்ப இருக்கட்டும்.”

மகள் இப்போது தெளிவாகக் கணக்குப் போட்டாள். “அம்மா, ஒங்களுக்கு நாடக ஆப். பழைய எபிசோடெல்லாம் இருக்கும், விட்டதிலேருந்து பாக்கலாம். லைவ் சேனல் ஆப் காசு கெடையாது, ஆனா வெளம்பரம் வரும். படத்துக்கு என்னோட அக்கவுண்டையே போட்டுக்கலாம், நான் போன்லதான பாக்குறேன். அப்பாவுக்கு என்ன வேணும்?”

இவர் யோசித்தார். “எனக்கு எதா இருந்தாலும் சரி.”

“அப்புடிச் சொல்லாதீங்க. இங்கயும் ஆளுக்கு ஒண்ணுதான்” என்றேன் நான்.

மகளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. இவர் சிரித்துக்கொண்டார். ஆனால் கடைசிவரை எதையும் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு காலம் மற்றவர்கள் போட்டதைப் பார்த்தவருக்கு, உனக்கு எது வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்? படங்கள் இருக்கிற ஆப்பில் என் பெயரில் ஒன்று, அவர் பெயரில் ஒன்று என்று தனிப் பக்கம் மகள் திறந்து வைத்தாள். மூன்று முகப் படங்கள் வந்தன, மூவருக்கும் மூன்று. இவர் தனக்கு ஒரு பூனை முகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் சில நாட்கள் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. நான் நாடகத்தைப் போட்டுவிட்டு மெஷினில் உட்காருவேன். இவர் வந்து உட்கார்ந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் கூட்டச் சொல்வேன். கூட்டுவார். கொஞ்ச நேரத்தில் கை தானாகக் குறைத்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“எனக்குக் கேக்க வேணாமா? நான் என்ன பாத்துக்கிட்டா தைக்கிறேன்?”

“கொறச்சேனா?” என்று ரிமோட்டைப் பார்த்தார். “பழக்கம். அங்க எப்பவும் யாராச்சும் தூங்கிக்கிட்டு இருப்பாங்க.”

“இங்க யாரும் தூங்கல. நல்லாக் கூட்டுங்க.”

அதற்குப் பிறகு ரிமோட்டை மெஷின் மேசையில் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

மழை விட்டு வெயில் வந்த சமயத்தில் இவருக்குப் புதுக்கோட்டையில் ஒரு கட்டட காண்டிராக்டரிடம் மேற்பார்வை வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வருவார். கல்யாண சீசன், எனக்கு ஜாக்கெட்டுகள் குவிந்திருந்தன. அந்த நாட்களில் ஒன்றில்தான் அது நடந்தது. நான் லைனிங் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அன்றைக்கு அவருக்கு லீவு. உள்ளே டிவியில் யாரோ ஒரு பெண் தமிழில் அழுதுகொண்டிருந்தாள். என் நாடகம் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். எட்டிப் பார்த்தால் திரையில் இருந்தவர்கள் நம் ஆட்கள் இல்லை. கொரியாக்காரர்கள். தமிழில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது?”

“இரு, இரு” என்று கையைக் காட்டினார். “அந்தம்மா உண்மையச் சொல்லப் போகுது.”

அந்த அம்மா உண்மையைச் சொல்லவில்லை. அதற்குள் எபிசோடு முடிந்துவிட்டது. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பாரு, இப்புடித்தான் பண்றாய்ங்க. மூணு எபிசோடா இதையே இழுக்குறாய்ங்க.”

“நீங்களா போட்டீங்க?”

“ஆமா. பூனைக்குள்ள போனேன், இது வந்துச்சு. ஒரு ஓட்டல் வச்சிருக்காங்க. அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் வெளிநாட்டுலேருந்து திரும்பி வாரான். ஓட்டல எடுத்து நடத்தணும். அவனுக்கு ஒண்ணும் தெரியல. தம்பிக விட மாட்டேங்குறாய்ங்க.” பேசிக்கொண்டே அடுத்த எபிசோடை அவரே போட்டார். என்னிடம் கேட்கவில்லை.

நான் துணிப் பையை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். தமிழில் பேசியதால் எனக்கும் காதில் விழுந்தது. யார் மூத்தவன், யார் தம்பி என்று குரலை வைத்துத் தெரியவில்லை, எல்லோருக்கும் ஒரே குரலாக இருந்தது. கேட்டேன். “மூத்தவன் பேசுறப்ப நான் சொல்றேன்” என்றார். அப்படியே சொல்லிக்கொண்டும் வந்தார். “இப்ப மூத்தவன்.” “இது ரெண்டாவது.” “இப்ப யாரும் பேசல, ஆனா கடைசித் தம்பி கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்குறான்.” நான் ஊசியிலிருந்து கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டே தைத்தேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் சாயங்காலத்துக்குள் முடிந்தன.

பொங்கலுக்கு மகள் வந்தாள். வந்தவள், புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்று ரிமோட்டைக் கேட்டாள். “இன்னைக்கு வேணாம். கடைசி எபிசோடு” என்றார் இவர்.

“எதோட கடைசி எபிசோடு?”

“ஓட்டல் நாடகம். ஒங்கம்மாவுக்கும் தெரியும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “மூத்தவனுக்குத்தான் ஓட்டல் கெடைக்கணும்” என்றேன் நான். “ரெண்டாவதுக்குக் குடுத்தா நான் அத்தோட அந்த ஆப்பயே எடுத்துருவேன்.”

அவள் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை அப்பாவிடமே கொடுத்துவிட்டு, பாயை இழுத்துப் போட்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, “மொதல்லேருந்து சொல்லுங்க, யாரு மூத்தவன்?” என்றாள். இவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நானும் இடையிடையே திருத்தினேன். கதை சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கடைசி எபிசோடைப் போட்டோம். ஓட்டல் யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அதை விற்றுவிட்டார்கள். இவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.